நம்பர் இல்லாத டீச்சர்

சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் தொழிலுக்கு மலையளவு பொறுமை வேண்டும் என்பார்கள். அதில் முக்கால்வாசி லைசென்ஸ் நம்பர் வாங்குவதிலேயே தீர்ந்துபோகும். இதே பாடு பட்டவர்களே, கிட்ட வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

இரண்டாவது பி.எட்.

பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில், கவின் என்ற பையனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவனுக்குப் பேச்சு வரவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு ஒரு நாள் பாட்டிலைக் காட்டி 'தண்ணி' என்றான். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அடுத்த வாரமே பிரின்சிபால் கூப்பிட்டு, டில்லி கவுன்சிலில் பதிவு செய்து லைசென்ஸ் நம்பர் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கவினுக்கு வேறு டீச்சர் போட வேண்டியிருக்கும் என்றார். ஏற்கெனவே நான் படித்த பி.எட். இதற்குச் செல்லாதாம், சிறப்புக் கல்விக்குத் தனி பி.எட். வேண்டுமாம். கவினை விட மனசு வரவில்லை, வேலை பார்த்துக்கொண்டே அதிலும் சேர்ந்துவிட்டேன். வெள்ளகோவிலிலிருந்து வந்த மாமனார் மேஜையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனம்மிணி, போன வாட்டி பெயிலாகிப்போட்டியா?"

தெர்மகோல் சிக்னல்

செய்முறைத் தேர்வு சிங்காநல்லூர் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில். பாடம், சாலையைக் கடப்பது. சீனியர் ஒருத்தி தெர்மகோல் சிக்னல் ஒன்றைத் தானம் செய்திருந்தாள். அது அவளுக்கு அவளுடைய சீனியர் கொடுத்தது. பாவி, அதே பள்ளியில் அதே பாடத்தை எல்லா பேட்ச்சும் நடத்தியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சிவப்பைக் கையில் எடுத்தேன். முன்வரிசை நந்தினி தலையை ஆட்டி, முதலில் பாட்டு, அப்புறம்தான் லைட் என்றாள். பாடத்தைத் தொடங்க வேண்டிய பாட்டே எனக்கு மறந்துபோயிருந்தது. அவளே எடுத்துக்கொடுத்தாள், வகுப்பே கூடப் பாடியது. கடைசியில் எக்ஸாமினரைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். அதுவும் பாடத்திட்டத்தில் இருந்ததுதான். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "பாஸ் போட்டாச்சுங்க. யாருக்குன்னு கேக்காதீங்க."

கணக்கில் வராதது

ஒரு வழியாக நம்பர் வந்தது. ஸ்வீட் பாக்கெட்டோடு போனேன். பிரின்சிபால் அறையில் கவினின் அம்மாவும் இருந்தார். வேலை நிரந்தரம் என்றார் பிரின்சிபால், கவினும் உங்களிடமேதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்: நம்பருக்கு முன்னால் சொல்லிக்கொடுத்த காலம் அனுபவத்தில் சேராதாம், இன்றிலிருந்துதான் நான் டீச்சராம்.

கவினின் அம்மா ஸ்வீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் சார், அப்ப எங்க கவின் தண்ணி கேட்டதும் கணக்குல வராதுங்களா?"

ஆக, இந்தத் தொழிலில் இன்றுவரை என்னிடம் நம்பர் கேட்காமல் தண்ணீர் மட்டும் கேட்டவன் கவின் ஒருவன்தான்.