நீடாமங்கலம் கேட்டில் படுத்த கிளட்ச்

தை மாதம், காலை ஆறரை மணி. தஞ்சாவூரிலிருந்து என் பழைய அம்பாசிடரில் கிளம்பினேன். கீழ்வேளூரில் தங்கை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரவேண்டும். அவளுக்கு நான் ஒரே மாமன். அந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்று எனக்கொரு ஜம்பம்.

அம்மாபேட்டை தாண்டியதும் அறுவடை மெஷின்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது. கூட்ஸ் போய்க் கேட் திறந்ததும் கிளட்சை மிதித்தேன். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது, கியர் விழவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரனாலேயே திட்டினார்கள். நாலு பேர் இறங்கித் தள்ளி, பக்கத்து ஒர்க் ஷாப்பில் விட்டார்கள்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "கிளட்ச் சிலிண்டர்ல ரப்பர் போயிருச்சு சார். ஆயில் பூரா ஒழுகிடுச்சு. மன்னார்குடியிலேர்ந்து ரப்பர் வரணும்."

"முகூர்த்தத்துக்குப் போகணுமே!"

"அப்ப பஸ்ல போயிடுங்க. சாயங்காலம் வந்து வண்டிய எடுத்துக்கங்க."

எதிரிலேயே கீழ்வேளூர் வழியாகப் போகும் நாகப்பட்டினம் பஸ் வந்து நின்றது; ஏறினால் முகூர்த்தத்துக்குப் போய்விடலாம். மாலையும் கையுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? "இல்ல, இருந்தே எடுத்துட்டுப் போறேன்" என்றேன். பஸ் போய்விட்டது.

ரப்பர் வர எட்டே முக்கால். சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, புது ரப்பரை மாட்டி, ஆயில் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஆரம்பித்தார். "மிதிங்க, புடிங்க, விடுங்க" என்று அடியிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான் மிதித்தேன். நடுவே தங்கை போனில் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்கண்ணே?"

"வந்துட்டே இருக்கேம்மா" என்றேன், கூசாமல்.

பெடல் இறுகும்போது மணி பத்து. கீழ்வேளூர் மண்டபத்தில் நான் நுழைந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. எங்கள் சித்தப்பா மகன் எனக்குப் பதிலாக மாலை போட்டிருந்தான். மணப்பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுதிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். தங்கை கார்வரை வந்தாள்.

"பொண்ணு வாசலையே பாத்துட்டு நின்னாண்ணே. ஐயர்தான் நேரம் ஆவுதுன்னுட்டார்."

"வண்டி படுத்துடுச்சும்மா." பஸ்ஸைப் பற்றிச் சொல்லவில்லை.

"அய்யோ, வழியில தனியா கஷ்டப்பட்டீங்களா? இப்ப சரியாயிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறிக் கிளட்சை மிதித்தேன்; கியர் கச்சிதமாக விழுந்தது.