திரிந்த பால்குடம்

பூசாரி என் தலையிலிருந்து குடத்தை இறக்கி, வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து அம்மன் மேல் சாய்த்தார். முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அது என் மருமகளுக்காக நான் எடுத்த குடம். இரண்டு தடவை அவளுக்கு நாலாம் மாசத்திலேயே கலைந்துபோனது. இந்தத் தடவை நாலு மாசம் தாண்டினால் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன் தாயே என்று வேண்டியிருந்தேன். தாண்டிவிட்டது. ஐந்தாம் மாசத்து வயிற்றோடு அவள் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா ஏத்துக்கலையோ என்னமோ," என்றாள் தோட்டத்து லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி. மெதுவாகத்தான் சொன்னாள். மேளம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"வெயிலுக்குத் திரிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல," என்றார் பூசாரி.

"மத்தவங்க குடத்துக்கும் அதே வெயிலுதானுங்களே?" என்றாள் அவள் விடாமல்.

மருமகள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் சாப்பிடவில்லை. எனக்கும் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நான் என்ன குறை வைத்தேன்? விரதம் பிசகினேனா? பொழுது சாயும்போது, பால் வாங்கி வந்த கேனைக் கழுவலாம் என்று மூடியைத் திறந்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. எனக்குத் தெரியாத வாடையா அது? இருபது வருசம் ரப்பர் பால் வெட்டியவள் நான். ரப்பர் பால் உறைவதற்கு ஊற்றுகிற அசிட்டின் வாடை.

என் வீட்டுக்காரர் தோட்டத்து வேலை முடிந்ததும் கிராமத்தில் மாத்தயா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சிங்களவரின் சின்ன ரப்பர் காணியில், உறைந்த ரப்பர் பாலை உருளையில் விட்டு ஷீட் அடிக்கப் போவார். பசும்பாலும் அங்கேதான் வாங்குவோம்.

"இந்தக் கேனை எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஷீட் அடிக்கிற ஷெட்டுலதான். நல்லா வெள்ளையா இருந்துச்சு. கழுவிட்டுத்தான்டி ஊத்தினேன்."

"எதுல கழுவினீங்க?"

"தண்ணியிலதான். பின்ன பன்னீர்லயா கழுவுவாங்க?"

தண்ணீருக்குப் போகாமல் கேன் அடியில் தங்கிய அசிட், வெயில் ஏற ஏறக் குடத்துக்குள்ளேயே பாலைத் திரித்திருக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஓடிப்போய் மருமகளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை, என் மனசைத் தேற்றத்தான் ஆட்டினாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் அவரை விட்டு ஒரு போத்தல் அடியில் கொஞ்சம் அசிட் தண்ணீர் கொண்டுவரச் செய்தேன். ஒரு கிளாஸில் நல்ல பாலை எடுத்து அவள் முன்னால் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் பிரிந்து கட்டி கட்டியாக மிதந்தது.

"பாத்தியா? இன்னிக்குத் திருவிழாவும் இல்ல, நேத்திக்கடனும் இல்ல. அப்பவும் திரியுதுல்ல?"

அவள் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஸ்கூல்ல படிச்சிருக்கோம் அத்தை. நெய் உறைஞ்சா அடுப்புல வச்சதும் திரும்ப உருகிரும். பால் திரிஞ்சா என்ன செஞ்சாலும் திரும்பப் பாலாகாது."

"அதேதான்மா. அசிட் பட்டுத் திரிஞ்சது, அவ்வளவுதான்."

கிளாஸைக் கீழே வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "பால் திரிஞ்சது ஆத்தா வேலை இல்லைன்னா, நாலு மாசம் தாண்டினது மட்டும் ஆத்தா வேலையா அத்தை?"

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு வாயடைத்துப்போகிற மாதிரி ஒரு பதில் சொல்ல ஆசைதான். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ராத்திரி பெய்த மழைக் குளிரில் விளக்கு நெய் வெள்ளையாக உறைந்திருந்தது. ஏற்றினேன். திரியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நீயே சொல்லு தாயே என்றேன். இருப்புக் கொள்ளாமல் நேரே பூசாரி வீட்டுக்குப் போய், இன்னொரு தடவை பால்குடம் எடுக்கிறேன் என்றேன்.

"அதான் அபிஷேகம் முடிஞ்சிருச்சே, திரும்ப எதுக்கு?" என்றார் அவர்.

"என் மனசுக்குங்க."

வெள்ளிக்கிழமை என்று சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் மருமகள் எழுந்து பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள். வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய், நேரே குடத்துக்குள்ளேயே கறக்கச் சொன்னாள். மாத்தயாவின் மனைவி, "இதுக்குள்ளயா துவே?" என்று கேட்டுச் சிரித்தார். மகளே என்று அவர் பாஷையில் கூப்பிட்டது எனக்கு இதமாக இருந்தது.

கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அவள் என்னை நிறுத்தி நிறுத்தித் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"சும்மா சும்மா தொறக்காத, பூச்சி விழுந்துரும்."

"ஒரே ஒரு தடவ அத்தை."

பால் வெள்ளைக் கோடாக அம்மன் தோளில் இறங்கியது. அவள் பெருமூச்சு விட்டாள். எனக்குத்தான் விட முடியவில்லை. குடத்துத் துணியை விலக்கிப் பார்த்தாயிற்று. வயிற்றுக்குள் இருப்பதை எப்படி விலக்கிப் பார்ப்பது? பிரசவம் வரைக்கும் அவள் இருமினால்கூட ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பேத்தி பிறந்து இப்போது தவழுகிறாள். ஷெட்டில் உள்ள அசிட் கேன் கழுத்தில் என் வீட்டுக்காரர் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். நான் இன்னும் எந்தப் பாத்திரத்தையும் மோந்து பார்க்காமல் பால் ஊற்றுவதில்லை. "அத்தை, இது பிள்ளை குடிக்கிற போத்தல், ஷெட்டுக் கேன் இல்ல," என்று மருமகள் சிரிக்கிறாள்.

நாலு மாசம் தாண்டினது ஆத்தா வேலையா என்று அன்றைக்குக் கேட்டவள் அவள்தான். போன வாரம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தபோது கஹவத்தை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு ஓடினோம். பாதி வழியில் அவள்தான் நின்று, "திருநீறு எடுத்தீங்களா அத்தை?" என்று கேட்டாள்.