குந்தி உட்காரும் பூட்ஸ்

சக்கரவர்த்தி என்று பெயர் வைத்த அப்பா, ஆளுவதற்கென்று எதையும் விட்டுப் போகவில்லை. ராணிப்பேட்டையில் ஓர் ஏற்றுமதி பூட்ஸ் கம்பெனியில் தோல் வெட்டும் மேசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தலை நரைக்கும்வரை அதையே சக்கரவர்த்தி ஆண்டார். வாரக் கடைசியில் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வருவார். துவைத்த துணியை வாங்கி வைத்துக்கொண்டு, மனைவி கன்னியம்மாள் வீடு நடத்தும் விதத்தில் உள்ள குறைகளை எடுத்துச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை விடியலில் திரும்பிப் போவார். குடும்பம் மிக ஒற்றுமையாக நடந்தது.

அந்த ஒற்றுமை 1997-இல் கெட்டது. கம்பெனிக்குப் புது வகை பூட்ஸ் ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் பனிமலை உச்சியில் ஏறி, இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு கீழே வழுக்கி வருவார்களாம். ஸ்னோபோர்டு என்று பெயராம். கையில் பிடித்துக்கொள்ளக்கூட ஒன்றும் கிடையாதாம். மேனேஜர் இதை விளக்கியபோது மற்றவர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். சக்கரவர்த்தி மட்டும் மாதிரி ஜோடியைக் காலில் மாட்டிப் பார்த்தார். உரலுக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது. நின்றார், நடந்தார், பிறகு குந்தி உட்காரப் போனார். முட்டி மடங்கியது, கணுக்கால் மறுத்துவிட்டது. எல்லோரும் பார்க்க மல்லாக்க விழுந்தார்.

விழுந்த இடத்திலிருந்தே தீர்ப்பும் சொன்னார். “குந்த முடியாதது ஒரு பூட்ஸா சார்?”

“பனியில எவன்யா குந்தப் போறான்?” என்றார் மேனேஜர்.

“வழுக்கறவன் முட்டிய மடக்கித்தானே நிப்பான்? அது பாதிக் குந்தல்தானே சார்? கணுக்கால் மடங்கலன்னா அந்த வேகம் எங்க போவும்? எலும்புக்குத்தான் போவும்.”

“டிசைன் பண்ணவன் பனியிலயே பொறந்தவன். நீ ஐஸ் வண்டியத் தவிர இன்னாத்த பாத்திருக்கே?”

கேள்வி நியாயமானது. ஆனால் சக்கரவர்த்தி நியாயத்துக்கு அடங்குகிற ஆள் இல்லை. மூன்று பேர் கேட்டாலும் ஒருவர் கேட்டாலும் கணுக்காலைப் பற்றியே பேசினார். வெட்டச் சொன்ன தோலை வெட்டாமல், தானாக ஒரு வடிவத்தை வரைந்து நீட்டினார். வெட்டு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார்கள். கிளம்பிவிட்டார்.

“ராஜினாமா பண்ணிட்டேன்” என்று வீட்டில் வந்து நிமிர்ந்து நின்றபோது, கன்னியம்மாள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். “அப்ப இனிமே தெனமும் வீட்லதானா?”

கன்னியம்மாளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் வேலை. அழுகிறவர்களை அழ விட்டுவிட்டு எலும்பைப் பார்ப்பது அவள் வழக்கம். அவளுடைய அண்ணன் ராமதாஸ் கோயிலுக்குப் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருந்தார். சாமி கும்பிடப் போன நேரத்தில் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, கொதிக்கிற தெருவில் தத்தித் தத்தி வருகிற பக்தர்களை நம்பிய வியாபாரம். பக்தி வளர வளரக் கடையும் வளர்ந்தது. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் புது வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்.

“மாப்ள, கவலப்படாதீங்க. கல்லாப் பக்கத்துல ஸ்டூல் போட்டிருக்கேன். ஹவாய் செருப்புக்கு வார் மாட்டத் தெரியுமில்ல?” என்றார் ராமதாஸ்.

ஏற்றுமதித் தோலைத் தொட்ட கைக்கு ரப்பர் வார். சக்கரவர்த்திக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. “மாசி பொறக்கட்டும் மச்சான், சொல்றேன்” என்று தவணை வாங்கினார். அதற்குள் என்ன நடந்துவிடும் என்று அவரிடமே யோசனை இல்லை.

நடந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்த ஸ்டெஃபான் என்ற ஆஸ்திரியாக்காரன், தை மாதத் தொடக்கத்தில் கன்னியம்மாளின் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்கு வந்தான். அவனுக்குத் தொழிலே பனிச்சறுக்கு பூட்ஸ் வடிவமைப்பது. தான் வடிவமைத்த கெட்டி பூட்ஸைத் தானே போட்டுக்கொண்டு வழுக்கி, பூட்ஸ் முடிகிற இடத்துக்கு நேர்மேலே எலும்பை முறித்துக்கொண்டவன். மன அமைதி தேடி வந்திருந்தான். அமைதி கிடைக்கும் இடங்களில் எல்லாம் தரையில்தான் உட்கார வேண்டியிருந்தது; கணுக்கால் மடங்காததால் அவன் மட்டும் நாற்காலி கேட்டான்.

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் கன்னியம்மாள் செய்த பிழை. மறுநாள் காலையிலேயே சக்கரவர்த்தி தன் காகித வடிவங்களைச் சுருட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் இறங்கிவிட்டார். வெளிநாட்டு வியாபாரிகளைப் பார்த்துப் பழகிய ஆங்கிலம் அவருடையது. வார்த்தை கம்மி, கையாட்டல் ஜாஸ்தி. அந்த அறையின் நடுவே குந்தி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி குந்திக் காட்டினார். ஸ்டெஃபானுக்குப் புரிந்துவிட்டது. அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தானாம். இயற்கையான கால் எப்படி அசையுமோ அப்படியே அசைய விடுகிற பூட்ஸ். மாசி பிறந்ததும் அவனுக்கு விமானம். அதற்குள் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தால், தன் கம்பெனியில் காட்டுவான். பிடித்துப்போனால் வேலை சக்கரவர்த்திக்கு வரும். பிடிக்காவிட்டால் ஸ்டூல் இருக்கிறது.

இயற்கையான காலுக்கு எங்கே போவது? அந்த ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை. தை பௌர்ணமி வந்தது. மலையைச் சுற்றி ஊரே வெறுங்காலோடு நடந்தது. சக்கரவர்த்தி சாயங்காலமே கிரிவலப் பாதை ஓரத்தில் துண்டை விரித்து, கால்களின் உயரத்துக்குத் தலையை வைத்து ஒருக்களித்துப் படுத்துவிட்டார். குதிகால் எப்போது தூக்குகிறது, கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது, விரல்கள் எப்படி விரிகின்றன என்று கண் கொட்டாமல் பார்த்தார். நெற்றியில் விபூதி, நரைத்த தாடி, வாயில் பேச்சில்லை. முதலில் ஒரு வாழைப்பழம் விழுந்தது. பிறகு சில்லறை.

அவர் எழுந்து உட்கார்ந்து, வருகிறவர்களை நிறுத்தி, நியூஸ் பேப்பரில் காலை வைக்கச் சொல்லி பென்சிலால் சுற்றி வரைய ஆரம்பித்ததும் நிலைமை கைமீறியது.

“சாமி இன்னா பண்றாரு?” என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

“பாதம் எழுதறாரு. மிதிச்சா முட்டி வலி போயிடுதாம்” என்றார் யாரென்றே தெரியாத ஒருவர், கூடப் பிறந்தவர் மாதிரி உறுதியாக.

வரிசை நின்றுவிட்டது. காட்டுக் கால், களத்துக் கால், வெடிப்புக் கால், மெட்டிக் கால் என்று ஊர் ஊராக வந்து பேப்பரை மிதித்தன. ஒரு தகப்பனார் பெண்ணின் பாதத்தை வரையச் சொல்லிவிட்டு, கல்யாணம் எப்போது என்று கேட்டார். “குதிகால் நல்லா இருக்கு” என்றார் சக்கரவர்த்தி. தகப்பனாருக்குத் திருப்தி.

மறுநாள் கன்னியம்மாள் பேப்பர் மூட்டையையும் பழத்தையும் பார்த்தாள். “இதயே தொழிலா வெச்சிக்கலாம்ல? ரப்பர் வாரு மாட்ற வேல மிச்சம்.”

அவர் காதில் விழவில்லை. அந்தப் பாதங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பொதுவான ஒரு வடிவம் எடுத்து, தச்சரிடம் மர அச்சு செதுக்கி வாங்கினார். அதன்மேல் தோலை இழுத்துத் தைத்தார். கணுக்காலுக்கு முன்பக்கம் ஒரே தடித்த தோலாக வைக்காமல், இறால் முதுகைப் போல ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் பட்டைகளாக வைத்தார். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டுத் தோல். பின்னால் குதிகாலை அழுத்திப் பிடிக்க ஒரு வார். வேலை சுத்தமாக வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் சொல்லாமல் இல்லை; தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னார்.

சோதித்துப் பார்க்கப் பனி? வேங்கிக்காலில் ராமதாஸின் வீட்டுக்கு ஆற்று மணல் வந்து மலைபோல் குவிந்திருந்தது. சென்டரிங் பலகை ஒன்றை எடுத்துச் சோப்புத் தேய்த்து, பழைய பெல்ட்டுகளை ஆணியடித்து, ஸ்னோபோர்டு என்று பெயர் வைத்தார்கள். சக்கரவர்த்தி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கன்னியம்மாள் கையில் பேண்டேஜ் சுருளோடு வந்திருந்தாள்.

“மாப்ள, மணல் செதறாம விழச் சொல்லுங்க” என்றார் ராமதாஸ்.

ஸ்டெஃபான் மணல் மேட்டில் ஏறி, பூட்ஸை மாட்டி, முதலில் குந்தினான். அப்படியே முழுசாக உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் கணுக்கால் கொஞ்சம் இளகியிருந்தது; ஆனாலும் பூட்ஸுக்குள் அது அப்படி மடங்கியதில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் சக்கரவர்த்தி, மச்சான் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்துத் தடவியிருக்கலாம்.

பலகை நகர்ந்தது. பாதி வழியில் ஸ்டெஃபான் உடம்பைத் திருப்பினான். அவன் பாதம் திரும்பியது. பூட்ஸ் திரும்பவில்லை. உள்ளே அவ்வளவு இடம். அடுத்த நொடி இரண்டு கால்களும் பூட்ஸை விட்டு வெளியே வந்தன. ஸ்டெஃபான் ஒரு பக்கமாக உருண்டு மணலில் முகம் பதித்தான். பலகையும் பூட்ஸும் ஆள் இல்லாமலே அழகாக வழுக்கி வந்து, செங்கல் அடுக்குக்கு முன்னால் முறையாக நின்றன.

கன்னியம்மாள் காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். “ஒன்னும் ஒடையல. சாயங்காலம் ஊதும். அசையாம கெடக்கச் சொல்லுங்க.”

ஸ்டெஃபான் மணலைத் துப்பிவிட்டு, தன் பாதத்தைப் பேப்பரில் வைத்து வரையச் சொன்னான். அது வெண்டைக்காய் மாதிரி விழுந்தது. அச்சுக்கு எடுத்த வடிவம் முறம் மாதிரி பக்கத்தில் கிடந்தது. செருப்பே போடாமல் வயலிலும் ரோட்டிலும் விரிந்த ஊர்க் கால்களை அளந்து, பிறந்ததிலிருந்து பூட்ஸுக்குள் வளர்ந்த காலுக்குத் தைத்திருக்கிறோம் என்பது சக்கரவர்த்திக்குப் புரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொள்வது வேறு விஷயம்.

“இது காலே இல்ல” என்றார். “அடச்சி அடச்சி கெடுத்து வெச்சிருக்கான். இயற்கையான காலு வேணும்னு அவந்தானே கேட்டான்? நான் தெச்சது சரி. அவன் காலுதான் தப்பு.”

“தப்புனா வெட்டிடலாமா? எங்க டாக்டர்கிட்ட கேக்கறேன்” என்றாள் கன்னியம்மாள்.

“ஸ்டூல தொடச்சி வெக்கச் சொல்லிடறேன் மாப்ள” என்றார் ராமதாஸ், மணலை மண்வெட்டியால் கூட்டிக்கொண்டே.

தப்பான காலுக்காகத் தன் தையலைப் பிரிக்க மாட்டேன் என்று சக்கரவர்த்தி வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். விமானத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஸ்டெஃபான் கேட்டு அனுப்பியும் பதில் சொல்லவில்லை. அவன் வீங்கிய காலோடு பெட்டி கட்ட ஆரம்பித்தான்.

வீக்கம் வடிந்த அன்று, கன்னியம்மாள் நைட் டூட்டி முடிந்து நேராகச் செங்கம் ரோட்டுக்குப் போனாள். ஸ்டெஃபானின் இரண்டு கால்களுக்கும் கெண்டைக்கால் பாதிவரை மாவுக்கட்டுப் போட்டு, காய்ந்ததும் கீறிக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் மறுபடி மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் கூட்டை உரித்தாள். வீட்டுக்கு வந்து, மதியச் சாப்பாட்டில் கை வைத்திருந்த புருஷனின் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கால்களை நிறுத்தினாள்.

“இந்தாங்க, தப்பான காலு. தெக்கறதுன்னா தெய்ங்க. இல்லன்னா நாளைக்கு அண்ணன் கடைக்குக் கௌம்புங்க. எனக்கு நீங்க வீட்ல இல்லாம இருந்தா போதும்.”

அவர் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்க்காமலே சாப்பிட்டார். பிறகு இடது கையால் குதிகாலைத் தடவினார். எவ்வளவு ஒல்லி. கணுக்காலுக்கு மேலே, எலும்பு கூடிய இடத்தில் ஒரு முண்டு இருந்தது. அங்கே வந்து விரல் நின்றது. பாதி சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டு, கத்தியை எடுத்துத் தன் தையலைத் தானே பிரிக்க உட்கார்ந்தார். வாய் மட்டும் ஓயவில்லை. வெள்ளைக்காரன் கால், அவனைப் பெற்றவர்கள், அந்த நாட்டுக் குளிர், எல்லாவற்றுக்கும் திட்டு விழுந்தது. கீழ்ப்பாகம் முழுவதும் அந்த மாவுக்காலின்மேல் புதிதாக ஏறியது. இறால் முதுகு அப்படியே இருந்தது.

ஸ்டெஃபான் கிளம்பிய அன்று பெட்டியில் இடம் இல்லை. பனி பூட்ஸைக் காலிலேயே மாட்டிக்கொண்டு, மாசி வெயிலில் சென்னை பஸ் ஏறினான். மறுபடி மணல் மேட்டில் வழுக்கிப் பார்க்க நேரமில்லை. ராமதாஸும் விடவில்லை.

மாசி போயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் சக்கரவர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்தார். பங்குனி, சித்திரை, வைகாசி என்று ரப்பர் வார் மாட்டினார். செருப்பைத் தொலைத்தவர்களிடம் அவர்கள் நடையில் உள்ள குறைகளை எடுத்துச் சொன்னார். சிலர் வெறுங்காலே மேல் என்று போனார்கள். ராமதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆடியில், பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஸ்டெஃபானின் அழைப்பு வந்தது. பூட்ஸ் பனியில் தாக்குப் பிடித்துவிட்டது. கம்பெனி இறால் முதுகை எடுத்துக்கொள்கிறது, மேல்தோல் வேலையை அவருக்கே தருகிறது. ஒரே ஒரு திருத்தம். இளைஞர்களுக்குக் கெட்டியாக இருந்தால்தான் பிடிக்கிறதாம். பட்டைகளுக்குள் தகடு வைத்துக் கொஞ்சம் விறைப்பாக்க வேண்டுமாம்.

சக்கரவர்த்தி போனை மறு காதுக்கு மாற்றினார். கடையிலிருந்து ராமதாஸ் எட்டிப் பார்த்தார். கன்னியம்மாளின் மாவுக்கால்கள் அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வந்ததோ, ஸ்டூல்தான் ஞாபகம் வந்ததோ தெரியாது. “கெட்டி ஒன்னு, மெத்து ஒன்னு. ரெண்டும் தெப்பேன். மெத்து இல்லன்னா கெட்டியும் இல்ல” என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பக்கம் சரி என்றார்கள்.

ராமதாஸின் புது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மூன்று மெஷினும் ஒரு பெயர்ப் பலகையும் வைத்தார் சக்கரவர்த்தி. இடம் கொடுத்தது பாசத்தால் அல்ல. ஸ்டூலைக் காலி செய்ய மச்சானுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டாயிரம் பிறந்து வருடங்கள் ஓடின. கெட்டிக்கு மூட்டை மூட்டையாக ஆர்டர் வந்தது. மெத்துக்குக் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் பனிப் பருவம் முடிகிற சமயத்தில். கேட்டு எழுதியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரு முறை காலை முறித்துக்கொண்டவர்கள்.

ஒரு பங்குனியில் சாப்பாடு கொண்டு வந்த கன்னியம்மாள், மேசை மேல் மெத்து வடிவங்கள் வழக்கத்துக்கு மேல் கிடப்பதைப் பார்த்தாள்.

“இன்னா, இந்த வருசம் நெறைய பேருக்கு ஒடஞ்சிருச்சா?”

“ஜாஸ்திதான்” என்றார் சக்கரவர்த்தி. குரலில் சந்தோஷம் மறையவில்லை.

“எங்க ஆஸ்பத்திரி மொதலாளியும் இப்டித்தான் சொல்வாரு” என்று தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அவள் டூட்டிக்குப் போனாள்.