ஜெரார் என்றொரு ஈட்டி

உப்புத் தண்ணீர் கொப்பளிக்கும்போது தொண்டைக்குள் ஒரு கரகரப்பு எழுமே, என் பெயரைப் பற்றிய முதல் நினைவு அதுதான். பாரிஸின் லா ஷப்பலில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டின் 'குசினி'யில், அதாவது சமையல் மூலையில், நின்றபடி, வேலைக்குப் போகுமுன் அப்பா "ஜெரார், ஜெரார்" என்று சொல்லிப் பழகுவார். பிரெஞ்சுக்காரரின் அந்த 'ர' இன்றுவரை அவருக்கு வாய்க்கவில்லை.

அதற்கு முன் ஏழு வயதுவரை நான் இளங்கோவாக இருந்தேன். ஊரில் நடந்த யுத்தத்தில் செத்துப்போன அம்மாவின் தம்பியுடைய பெயர் அது. வீட்டில் ஒருவர் போனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அவர் பெயரை வைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தபோது, விரும்பினால் பெயரையும் பிரெஞ்சாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 'விரும்பினால்' என்ற சொல் அப்பாவின் காதில் ஏறவேயில்லை. அவர் பாத்திரம் கழுவிய உணவகத்தின் முதலாளியை, எல்லோரும் 'பத்ரோன்' என்று அழைத்த அந்தக் கிழவரை, விட்டால் அப்பாவுக்குத் தெரிந்த பெரிய மனிதர் வேறு யாருமில்லை. அவருடைய பெயரையே எனக்கு வைத்துவிட்டார். அது கிழவர்களின் பெயர், என் வயதில் இன்னொரு ஜெரார் பாரிஸில் அகப்படுவதே கஷ்டம் என்பதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாப்பி' என்றார்கள், அதாவது தாத்தா.

"சண்டையிலை போனவன்ரை பேர் இவனுக்கு வேண்டாம். இஞ்சையாவது நிம்மதியா இருக்கட்டும்" என்பது அப்பாவின் நியாயம். அம்மா வாதாடவில்லை. வீட்டுக்குள் என்னை இளங்கோ என்றே கூப்பிட்டாள், அப்பா இருக்கும்போது கொஞ்சம் உரக்கவே.

சில வருடங்கள் கழித்து வரலாற்று ஆசிரியை ஒருவர் எங்கள் பெயர்களின் பிறப்பைச் சொன்னார். ஜெரார் ஆதியில் பிரெஞ்சே இல்லையாம். ரோமருக்குப் பிறகு இந்த மண்ணைப் பிடித்த ஜெர்மானியக் குடிகளோடு வந்ததாம். 'கேர்' என்றால் ஈட்டி, 'ஹார்ட்' என்றால் உறுதி. போருக்குப் போகும் ஆண்பிள்ளைக்கென்று கோத்த அந்தப் பெயர், பிரபுக்களிடமும் துறவிகளிடமும் பல நூற்றாண்டுகள் சுற்றிவிட்டு, கடைசியில் பென்ஷன் எடுத்த தாத்தாக்களிடமும் என்னிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

அன்று சாப்பிடும்போது இதை அப்படியே ஒப்பித்தேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"ஈட்டியோ? வடிவாக் கேட்டனியோ?"

"ஓம்" என்றேன். அம்மா சிரித்தாள், அப்படியொரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் அவளிடம் கேட்டதில்லை. "என்ரை தம்பியைத் துடைச்செறிஞ்சுபோட்டு, ஆரோ ஒருத்தன்ரை ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அப்பா எழும்பிக் கை கழுவப் போனார்.

அந்த ஈட்டியால் எனக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் பேசும்போது ஜெராருக்குக் கிடைக்கிற மரியாதை, நேரில் போய் என் கறுத்த முகத்தைக் காட்டியதும் காணாமல் போய்விடும். பெயரைப் பிடுங்கியவர்கள் முகத்தையும் மாற்றித் தந்திருக்கலாம் என்று ஆத்திரத்தோடு நினைத்திருக்கிறேன், இப்போதும் நினைக்கிறேன்.

போன மாரிகாலம் அம்மா போய்விட்டாள். எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் தமிழ்க் கடைக் கதவுகளில் மரண அறிவித்தல் ஒட்டுவார்கள். அப்பா வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். என் பெயர் வந்த இடத்தில், "இளங்கோ எண்டும் போடுவமே, அப்பா" என்றேன். "அது மாமாவின்ரை பேராக் கீழை வருகுது. ரெண்டு இளங்கோ போட்டால் சனம் குழம்பும்" என்றார்.

ஒரு கடை வாசலில் நின்று அதை வாசித்தேன்: 'ஜெராரின் பாசமிகு தாயாரும், காலஞ்சென்ற இளங்கோவின் அன்புச் சகோதரியும் ஆவார்.' இளங்கோ என்று என்னைக் கூப்பிட இனி இந்த ஊரில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் நின்று வாசித்த முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த இளங்கோ ஆர், தம்பி? தெரியுமோ?"

"ஓம், அண்ணை" என்றேன். "அவன் செத்துக் கனகாலம்."