ஈரம் முடிகிற இடம்

“பனியை மிதித்துக்கூடப் பார்க்காத நீ, ஸ்கி ஜம்பிங்கைப் பற்றி என்ன எழுதப்போகிறாய்?”

இதைக் கேட்டவர் ஒரு சிறிய விளையாட்டுச் செய்தித்தளத்தின் ஆசிரியர். இத்தாலியின் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து அதை நடத்துகிறார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. யாரோடு பேசினாலும் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அது ஜூலை மாதம். காற்பந்துக்கு விடுமுறை. வழக்கமாக எழுதுகிறவர்கள் எல்லோரும் மொண்டெல்லோக் கடற்கரையில் கிடந்தார்கள். சறுக்குப்பலகையோடு மேட்டிலிருந்து பறந்து இறங்கும் ஸ்கி ஜம்பிங்கின் கோடைகாலத் தொடரை எழுத ஆளில்லை; நான் எழுதுகிறேன் என்று கேட்கப் போயிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கும் நான் அங்கே வேலை பழகப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

“கோடைப் போட்டியில் பனியே கிடையாது” என்றேன், நிமிர்ந்து நின்று. மூன்று மாடி ஏறும்போது கைபேசியில் படித்துக்கொண்டு வந்த விஷயம் அது.

அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். தொடரை எனக்கே தந்தார். ஆனால் கட்டுரைகள் என் பெயரில் வராது, தளத்தின் பெயரில்தான் வரும் என்றார். மற்ற எவரும் எழுதாத ஒன்றை எப்போது கொண்டுவருகிறேனோ அப்போது பெயரைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. அம்மா இத்தாலிய மொழி பேசுவார், வாசிக்க வராது. ஆனால் என் பெயர் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்பது தெரியும். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையிலும் பள்ளி அறிக்கைகளிலும் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த வடிவம் அது. என் முதல் கட்டுரை வந்தபோது கைபேசியை வாங்கி, விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

“உன்ரை பேர் எங்கை கிடக்கு?”

“இன்னும் போடேல்லை அம்மா.”

“அப்ப நீ எழுதினது எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரையிலும் அதே தேடல். எனக்கு அந்தப் பெயர் வேண்டும் என்பதைவிட, அந்த விரல் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பது பெரிதாகிவிட்டது.

உண்மையில் அந்த முதல் கட்டுரைக்குப் பெயர் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அதிக தூரம் பாய்ந்தவள்தான் வென்றவள் என்று நினைத்து, வேறொருத்திக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். ஆசிரியர் வெளியிடுமுன் திருத்திவிட்டு, நீளம் பாய்தலைப் பற்றியா எழுதுகிறாய் என்று கேட்டார். ஸ்கி ஜம்பிங்கில் தூரம் பாதிக் கதைதான். பறக்கும் அழகுக்கும் தரையிறங்கும் நேர்த்திக்கும் நடுவர்கள் புள்ளி கொடுப்பார்கள். காற்று உதவினால் கழிப்பார்கள், தடுத்தால் கூட்டுவார்கள். அதற்குப் பிறகு இருந்து படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

போட்டிகள் வாரக்கடைசிகளில், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாட்டில். பிற்பகலில் எங்கள் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைப்பேன். அப்பா மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் மதியம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, இரவு வேலைக்குப் போகும்வரை சோபாவில் படுத்திருப்பார். “ஆர் முன்னுக்கு?” என்று கேட்பார். பதில் வருமுன் குறட்டை வரும். அம்மா, சிஞ்ஞோரா என்று அழைக்கும் வீட்டுக்காரம்மாவின் வீட்டையும் அந்தக் கட்டடத்தின் மாபிள் கல் படிகளையும் துடைத்து முடித்து வந்து, தேத்தண்ணியோடு பக்கத்தில் உட்காருவார்.

முதல் நாள் பாய்பவர்கள் சறுக்கி வரும் தடத்தைக் கிட்டக் காட்டினார்கள். கோடையில் அது பீங்கானால் செய்தது. அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

“உது மாபிள் மாதிரியெல்லோ கிடக்கு” என்றார் அம்மா. “தண்ணியையும் ஊத்திப்போட்டு ஆக்களை விடுறாங்களோ? நான் படியிலை ஒரு சொட்டு விட்டால் சிஞ்ஞோரா ஊரைக் கூட்டுவா.”

கீழே அவர்கள் வந்து இறங்கும் சரிவு முழுவதும் பச்சைப் பிளாஸ்டிக் நார் விரிப்பு. அதையும் குழாய்கள் நனைத்துக்கொண்டே இருக்கும். பனியில்போலப் பலகை வழுக்குவதற்கு அந்த ஈரம் வேண்டும். ஓகஸ்ட் முடிவதற்குள் அம்மா தேர்ந்த ரசிகையாகிவிட்டார். ஒரு காலை முன்வைத்து இறங்காதவர்களுக்கு நடுவர்களைவிடக் கடுமையாகப் புள்ளி குறைத்தார். உயரமான ஒருத்தியை ‘நெட்டைச்சி’ என்று பெயர் வைத்துத் தத்தெடுத்தார்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், பெண்கள் போட்டி. முதல் சுற்றில் நீளப் பாய்ந்த மூன்று பேர் இறங்கியதும் தடுமாறினார்கள். நான்காவதாக நெட்டைச்சி குப்புற விழுந்தாள். எழுந்து கையசைத்த பிறகுதான் அம்மா மூச்சுவிட்டார். தொடர் முடியப்போகிறது, கால்கள் களைத்துவிட்டன என்றார் வர்ணனையாளர். நானும் களைப்பைப் பற்றியே எழுதத் தொடங்கியிருந்தேன்.

“கால் களைப்பில்லை. அந்த இடம் காய்ஞ்சு கிடக்கு” என்றார் அம்மா.

எந்த இடம் என்று கேட்டேன். அவர் திரையில் விரலை வைத்தார். விரிப்பின் கரும்பச்சைக்கு நடுவில், சரிவின் கீழ்ப்பக்கம், ஒரு முழ அகலத்தில் வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தது.

“ஈர மாபிளிலை தண்ணி வாளியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார். வழுக்கிக்கொண்டு போகும். காய்ஞ்ச இடம் வந்த உடனை வாளி நிண்டிடும், தண்ணி முன்னாலை பாயும். நான் எத்தினை தரம் ஊத்தியிருக்கிறன்.”

காட்சியைப் பின்னால் ஓட்டினேன். நால்வரும் ஒரே கோட்டில்தான் தடுமாறியிருந்தார்கள். குறைவான தூரம் பாய்ந்தவர்கள் அதற்கு மேலேயே இறங்கி, அந்த இடத்தை அடையும்போது நிதானமாகியிருந்தார்கள். களைப்பை அழித்துவிட்டு, சரிவின் ஒரு பட்டைக்குத் தண்ணீர் போகவில்லை என்று எழுதி, படத்தில் அந்த இடத்தைக் குறித்து, இரண்டாம் சுற்றுக்கு முன்பே அனுப்பினேன்.

உடனே ஆசிரியரின் அழைப்பு. தொலைக்காட்சியில் எவரும் இதைச் சொல்லவில்லையே, உனக்கு யார் சொன்னது என்றார். நானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அம்மா பக்கத்தில் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“என் அம்மா” என்றேன். “பன்னிரண்டு வருடமாக மாபிள் படி துடைக்கிறார். ஈரத்தைப் பற்றி உங்களையும் என்னையும்விட அவருக்குத் தெரியும்.”

 யோசிக்கிறேன் என்று ஆசிரியர் அழைப்பைத் துண்டித்தார். நான் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். கட்டுரை வரவில்லை. காய்ந்த பட்டையைப் பற்றிய பத்தியை வெட்டுவார், இல்லையென்றால் முழுவதையும் குப்பையில் போடுவார் என்று எனக்குள் ஒரு பட்டியலே ஓடியது. அம்மாதான் தோளில் தட்டி, “இஞ்சை பாரன்” என்றார். இரண்டு ஆட்கள் சரிவில் ஏறி, நீண்ட குழாயால் அந்த வெளிறிய பட்டையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் சுற்று அதற்காகத் தாமதமாகியது. பிறகு அங்கே எவரும் தடுமாறவில்லை.

ஆசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது: பெயரையும் குடும்பப் பெயரையும் உடனே அனுப்பு.

கட்டுரை வெளியானதும் கைபேசியை அம்மாவிடம் நீட்டினேன். விரல் மெதுவாக இறங்கி, தலைப்புக்குக் கீழே நின்றது. என் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவினார். அதற்குப் பக்கத்தில் குடும்பப் பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பத்திரங்களில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர்.

அம்மா சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

“விளையாட்டு முழுக்கக் குறட்டை விட்ட மனுசன்ரை பேர் வந்திருக்கு. காய்ஞ்ச இடத்தைக் கண்டது நான்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா எழும்பி, “ஆர் முன்னுக்கு?” என்றார். “நீங்கள்தான்” என்றார் அம்மா.

ஆனால் அந்தப் பகிடி என்னை விடவில்லை. வேண்டும் என்று இருந்தது கிடைத்துவிட்டது, அதில் அம்மாவின் பங்கு எங்குமே தெரியவில்லை. திங்கட்கிழமை ஆசிரியரிடம் போய், தொடரின் கடைசிப் போட்டியை நேரில் எழுதப்போகிறேன் என்றேன். அது நடக்குமிடம் வடக்கே, மலைப்பகுதியில். அனுமதி கிடைப்பது சந்தேகம் என்று திரையைப் பார்த்தபடி சொன்னார். ஆனாலும் கடிதம் எழுதித் தந்தார்.

பத்திரிகையாளர் அனுமதிக்கான விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பினேன். மறுநாள் பார்வையாளர் பகுதியில், இறங்கும் சரிவுக்கு மிகக் கிட்ட, அம்மாவுக்கு ஓர் இருக்கை எடுத்தேன். அப்படியே ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு நடந்துபோய் இரண்டு ரயில் டிக்கட்டுகள் வாங்கினேன். டிக்கட் யன்னலில் இருந்தவர் பயணிகளின் பெயர்களைக் கேட்டார். முதலில் அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடாததால் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அம்மா சிஞ்ஞோராவிடம் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டார். விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. டிக்கட்டுகள் திருப்பிக் கொடுக்க முடியாத வகை; எப்படியும் போவோம்.