பதினொரு குடும்பங்களின் தீர்த்தத் தொட்டி

தர்ஹேலியா பின்பக்கமாகவே நடக்கிறாள். ஏழு மாதா கோயில்கள் வரிசையாக நிற்கும் அந்தச் சரிவுத் தெருவில் முகம் சுற்றுலாக்காரர்களைப் பார்த்திருக்கும், முதுகு இறக்கத்தைப் பார்த்திருக்கும். எந்தக் கல் ஆடும் என்பது குதிகாலுக்குத் தெரியும்.

“சீக்கிரம் வாங்க ராசாக்களா, ரெண்டு மணிக்கு மழை வந்துடும். அதுக்குள்ள சாமிங்களைப் பாத்து முடிச்சிடணும்!”

வழிகாட்டி உரிமம் கிடையாது. முப்பது வருடம் கோயில் வாசலில் வேர்க்கடலை மிட்டாய் விற்றபோது மற்ற வழிகாட்டிகள் சொன்னதை ஓசியில் கேட்டதுதான் படிப்பு. அதனால் ஈக்வடார் தலைநகரான கித்தோவின் வழிகாட்டிகளுடைய அத்தனை தப்புகளும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒரே ஓவியத்தைத் திங்கட்கிழமை ஒருவர் வரைந்திருப்பார், வியாழக்கிழமை வேறொருவர்.

சுற்றில் கடைசி இடம் ஒரு ஹோட்டலின் முற்றம். அதைக் காட்டாத வழிகாட்டியிடம் யாரும் வருவதில்லை. முன்பு அது அறைக்கொரு குடும்பமாகப் பதினொரு குடும்பங்கள் இருந்த வீடு. ஏழாவது அறை தர்ஹேலியாவுடையது. வீடு கைமாறியதும் எல்லாரும் மலைமேல் போனார்கள். அவள் இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். துணி துவைக்கும் கல்தொட்டியை மட்டும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. அதில் இன்று ரோஜா இதழ்கள் மிதக்கின்றன. பக்கத்தில் பலகை: ‘கன்னியாஸ்திரீகளின் தீர்த்தத் தொட்டி.’

போன வாரம் வாய் தவறிவிட்டது. “என் நாலு பிள்ளைங்க பீத்துணியும் இதுலதான் அலசினேன்” என்றாள். கூட்டம் சிரித்தது. மேலாளர் மௌரிசியோ சிரிக்கவில்லை. இன்று வாசலில் மறித்தான்.

கழுத்தில் டை இருந்தால் அவளுக்கு எவரும் இஞ்சினியர்தான். “கெட்டவரா இருக்காதீங்க இஞ்சினியரே, கதவைத் தொறந்து குடுங்க.” ஊரே இப்படித்தான் கேட்கும், உதவி கேட்கும்போதே எதிராளியின் கெட்டதனத்தை முன்கூட்டியே மன்னித்துவிடும்.

“தொறக்கறேம்மா. பலகையில இருக்கறதை மட்டும் சொல்லணும். ஒரு வார்த்தை கூடுச்சோ, நாளையிலேர்ந்து உங்களுக்கு இந்தக் கதவு கிடையாது.”

“பலகையில இருக்கறது பொய்யாச்சே?”

“அதுவும் ஹோட்டல் சொத்துதான்.”

உள்ளே, குவாயாகில் நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் தொட்டியில் துணி அடிக்கும் சாய்வுக்கல்லைத் தடவிப் பார்த்தாள். “ஏன்க்கா இப்படிக் குழிவாத் தேஞ்சிருக்கு?”

மௌரிசியோ தூணோரம் வந்து நின்றான்.

“கன்னியாஸ்திரீங்க கை பட்டுத் தேஞ்சது ராசாத்தி. முந்நூறு வருஷச் செபம்.”

“தொட்டுக்கலாமா?”

தர்ஹேலியா தானே முதலில் விரல்களை நனைத்தாள். நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். பிறகு, முறை தவறாமல், கட்டைவிரலை முத்தமிட்டாள்.