ஊரார் மரத்துச் சமையல்

என் அக்கா வெர்லினுடைய கணவர் எவரிஸ்ட் கடைவாசலை மிதிக்காமல் குடும்பத்துக்கே சமைத்துப் போடுகிறவர். இதை நான் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வார். பூசை முடிந்து படியிறங்கும் பாதிரியாரை மறித்துச் சொல்வார். இழவு வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

கிரெனடாவில் எங்கள் மாரான் கிராமத்துக்குக் கீழே ஒரு ஜாதிக்காய்க் கிட்டங்கி உண்டு. அங்கே காய் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். வரத்துக் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குத் தெற்கே கடற்கரை ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை. முதல் பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். ஒரு சம்பளம், நான்கு வாய். அடுப்படி அத்தான் கைக்கு வந்தது அப்படித்தான்.

கை மணம் இருந்தது. அதை இல்லையென்றால் என் நாக்கு அழுகிப்போகும். வாழைக்காயைத் தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு வேகவைப்பார். பச்சைத் துவரையைக் குழைய அவித்துச் சோளமாவுக் களியோடு வைப்பார். கறிப்பலாவைக் கரியில் சுட்டுத் தோலுரித்தால் ஆவி பறக்க வெண்ணெய்போல் இருக்கும். எல்லாம் இந்த மண்ணில் விளைந்தவை, காசில்லாமல் வந்தவை என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

காசில்லாமல் வந்தது உண்மைதான். கறிப்பலா எதிர்வீட்டு குளோட்டில்டா அக்காவின் மரத்தில் விளைந்தது. தேங்காய் மீன்காரர் கென்ரிக்குடையது. துவரை பள்ளிக்கூட வேலியில் காய்த்தது. எலுமிச்சை என் வீட்டுக் கொல்லையிலிருந்து போனது. அவருடைய கொல்லையிலோ முழங்கால் உயரத்துக்குப் புல். அவர் அகராதியில் உள்ளூர்ப் பொருள் என்றால் ஊரார் பொருள்.

ஒருநாள் காலையில் குளோட்டில்டா அக்காவின் மரத்தடியில் நீண்ட கழியோடு நின்றார். அந்த அம்மாள் சன்னலைத் திறந்தாள்.

"என்ன எவரிஸ்ட், விடிஞ்சதும் விடியாததுமா மரத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. இந்தக் காய் நாளைக்குத் தானா விழுந்து வெடிச்சிரும். வீணாப் போகுமேன்னு மனசு கேக்கல."

"வீணாப் போகாது. என் வீட்லயும் வாயி இருக்கு."

"உங்க வீட்ல ஒரே ஒரு வாய்தானக்கா!"

சிரித்துக்கொண்டே இரண்டு காயை இறக்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் தெருக்குழாயடியில் அந்த அம்மாளுக்கே உபதேசம் நடந்தது. "சனங்களுக்கு மூள இல்லக்கா. கடைக்குப் போயிப் பொட்டலமா வாங்கிட்டு வர்றாங்க. கண்ணத் தொறந்து பாத்தா ஊரே சமையக்கட்டு!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், உப்பு எந்த மரத்துல காய்க்குது? எண்ணெய் எந்த ஆத்துல ஓடுது?" என்றேன்.

"உப்பு, எண்ணெய் எல்லாம் சமையல்ல சேராது, அயோனி."

அவை அக்கா வேலை முடிந்து வரும் வழியில் கால் கடுக்க நின்று வாங்கிவருபவை. சமையலில் சேராதாம்.

அவர் கடைக்குப் போகாத கதை எனக்குத் தெரியும். அக்காதான் சொன்னாள். வேலை போன புதிதில் மாவு வாங்கப் போயிருக்கிறார். கடைக்கார பெர்னிஸ், நாலு பேர் நிற்கும்போது, "வெர்லினுக்குச் சம்பளம் வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டாளாம். இவர் மாவுப் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தக் கொள்கையெல்லாம். வலித்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வலிக்கு மருந்து எங்கள் கொல்லையில்தான் இருந்ததா?

ஆகஸ்ட் மாதம் முதல் திங்கள்கிழமை, அடிமைத்தளை அறுந்த நாள். அன்று எங்கள் சந்தே சேர்ந்து ஒரே பானையில் ஆக்கும். ஒருவர் கறிப்பலா, ஒருவர் தேங்காய், ஒருவர் சேப்பங்கீரை, காசு வசதி உள்ளவர் உப்பிட்ட பன்றிவால் என்று கொண்டுவருவோம். அத்தான் அகப்பையும் வாயும் கொண்டுவருவார். போன வருஷம் அதற்கு முந்தின வாரம் குழாயடியில் எல்லோரும் கூடியிருந்தபோது தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தடவ யாரும் ஒண்ணும் கொண்டுவர வேணாம். பானைய எங்கிட்ட விட்ருங்க. கடப்பக்கம் எட்டிப் பாக்காம மொத்தச் சந்துக்கும் நான் ஆக்கிப் போடுறேன்."

கென்ரிக் வலையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சரிப்பா. எங்க வேலிக்குள்ளயும் எட்டிப் பாக்காம."

குழாயடியே சிரித்தது. அத்தான் முகம் கறுத்தது. பின்வாங்க முடியுமா? "எனக்கெதுக்குய்யா உங்க வேலி?" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் சந்தில் கதவுகள் சாத்தியே கிடந்தன. குளோட்டில்டா அக்கா நாயை மரத்தடியில் கட்டினாள். கென்ரிக் தேங்காயெல்லாம் இறக்கி வீட்டுக்குள் அடுக்கினார். நான் எலுமிச்சை மரத்தை ஒரு காய் விடாமல் உலுக்கி, கூடை கூடையாக உள்ளே வைத்தேன். அழுகினால் அழுகட்டும் என்றிருந்தேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை. மலைமேல் ஆளில்லாமல் காடாகிப்போன பழைய தோட்டத்துக்கு ஏறிப்போய்க் கறிப்பலாவும் தேங்காயும் வாழைக்காயும் மூட்டை கட்டிச் சுமந்துவந்தார். தோள் தோலுரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனிதர் காய்க்கு வியர்வை கொடுத்தார். எனக்குக்கூடச் சற்று இரக்கம் வந்தது. கீரை மட்டும் கிடைக்கவில்லை. நல்ல சேம்பு முழுக்க எங்கள் வேலிக்குள் இருந்தது. எங்கிருந்தோ ஒரு கட்டு வந்தது. யாரும் பார்க்குமுன் நறுக்கி ஒரு சட்டியில் போட்டு மூடிவைத்துவிட்டார்.

பண்டிகையன்று தெரு நடுவே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். அடியில் கறிப்பலா, மேலே வாழைக்காய், மரவள்ளி உருண்டை, ஆற்றில் பிடித்த நாலு இறால், எல்லாவற்றுக்கும் மேல் கீரை. தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரியும் வாசனை வந்தபோது சந்தில் ஒருவரும் வீட்டுக்குள் இல்லை. வாசனை அப்படி. ஆனால் மூடியைத் திறப்பாரா? அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். சிக்கனம் என்றால் என்ன, தன் காலில் நிற்பது என்றால் என்ன, பொட்டலம் வாங்குகிறவன் எப்படிக் கெட்டுப்போகிறான். பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினார்.

முதல் வாய் நன்றாக இருந்தது. கென்ரிக் தலையைக்கூட ஆட்டினார். இரண்டாவது வாயில் அவர் கை தொண்டைக்குப் போனது.

"என்னப்பா இது, குத்துது?"

"எனக்கும்தான்," என்றாள் குளோட்டில்டா அக்கா. அவள் உதடு அதற்குள் தடித்துவிட்டது. "ஐயோ, நாக்குல முள்ளம்பன்னி உருளுதே! எவரிஸ்ட், எந்த எடத்துக் கீரடா இது?"

"ஆத்து வளைவுல அறுத்தேன். கீரன்னா கீரதானக்கா!"

"பாவிப்பயலே! அது காட்டுச்சேம்பு. பன்னிகூட மோந்து பாத்துட்டுப் போயிருமேடா!"

பிள்ளைகள் அழுதார்கள். பெரியவர்கள் நாக்கை வெளியே போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த நிலைமையிலும் அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் உங்க வாய்க் கோளாறு. கடச்சாமான் தின்னு பழகுன வாயி. இங்க பாருங்க," என்று ஒரு அகப்பை நிறைய அள்ளித் தின்றார். இன்னொன்றும் தின்றார். மூன்றாவதை எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அரிப்புக்கு எலுமிச்சைதான். அது ஊரில் என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கூடைகளை இழுத்து வந்து தெருவில் கொட்டினேன். மொத்தச் சந்தும் எலுமிச்சையைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பண்டிகை நாளிலும் வெளுக்கப் போனவள். கைப்பையோடு நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். நாக்கு வெளியே தொங்க, இரண்டு கையிலும் எலுமிச்சை மூடியோடு மாடுபோல் நின்றிருந்தார்.

குளோட்டில்டா அக்கா கரகரத்த குரலில் நடந்ததைச் சொன்னாள். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, நேரே பெர்னிஸ் கடைக்குப் போய் ரொட்டியும் மத்தி மீன் டப்பாவும் வாங்கி வந்தாள். அந்த வருஷம் நாங்கள் கொண்டாடிய விருந்து அதுதான். யார் வீட்டுப் பிள்ளைக்குப் போதவில்லையோ தெரியாது, அத்தான் மட்டும் ரொட்டிமேல் ரொட்டியாகத் தின்றார். கடைச்சாமான் அவர் தொண்டையில் கொஞ்சமும் சிக்கவில்லை.

மறுநாள் அவருக்குக் குரல் வரவில்லை. அக்காவுக்கு அதுவே இன்னொரு பண்டிகை. மறுபேச்சு வராத அந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"இங்க பாரு எவரிஸ்ட். நீயே சமை, நல்லாத்தான் சமைக்கிற. ஆனா இனிமே நம்ம வேலிக்குள்ள மொளச்சதுதான் நம்ம சட்டிக்குள்ள வரணும். மிச்சத்துக்குக் கட இருக்கு. கடைக்கும் நீதான் போகணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு காற்றுக் குரலில், "பெர்னிஸ் கேப்பாளே?" என்றார்.

"கேக்கட்டுமே. 'வந்திருச்சு, எம் பொண்டாட்டி சம்பளந்தான்'னு சொல்லு. அதச் சொன்னாலும் நாக்கு அரிக்குமா?"

போனார். பெர்னிஸ் ஒன்றும் கேட்கவில்லை. மாவைக் கட்டிக் கொடுத்து, மீதிச் சில்லறையைக் கொடுத்து, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாளாம். மனிதர் அதற்கும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். இத்தனை காலம் பயந்த பேச்சை அவளே மறந்துபோனால் யாருக்குத்தான் கோபம் வராது?

கொல்லையை வெட்டினார். குளோட்டில்டா அக்காவே நல்ல சேப்பங்கன்று கொடுத்தாள். அவள் மனசு எனக்கு இல்லை. மழை வந்தது, சேம்பு தழைத்தது, வாழை குலை தள்ளியது, வேலியோரம் துவரை காய்த்துக் குலுங்கியது. முதல் காரியமாக அத்தான் சுற்றிலும் முள்கம்பி போட்டார்.

போன வாரம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "அத்தான், களிக்கு ஒரு பிடி துவரை தர்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "சும்மா கேட்டு வாங்கிப் பழகக் கூடாது, அயோனி. அவங்கவங்க தேவைய அவங்கவங்க வேலிக்குள்ள பாத்துக்கணும். நான் பாத்துக்கல?" என்று தொடங்கினார். வெயில் ஏறும்வரை விடவில்லை. துவரையும் தரவில்லை.

சாயங்காலம் அக்கா ஒரு கிண்ணம் அவித்த துவரையைக் கம்பிக்கு மேலாக நீட்டினாள். அவர் சமைத்ததுதான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.